ஓரத்தில் எழுதிய எண்கள்

1953ஆம் வருஷம் ஆடி மாதக் கடைசியில், காவிரியில் செந்நிறப் புதுவெள்ளம் இரு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடிய ஒரு பிற்பகல், கும்பகோணம் கல்லூரியில் பி.ஏ. வகுப்பு மாணாக்கர்களாக இருந்த எங்களுக்கு, இரண்டு வாரங்களுக்கு முன் நாங்கள் எழுதிக் கொடுத்திருந்த கட்டுரைகளைத் தமிழ்ப் பேராசிரியர் திருப்பிக் கொடுத்தார். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை ஆராய்ந்து எழுதும்படி சொல்லியிருந்தார். நான்கே அடிகள் கொண்ட அந்தப் பாட்டைப் பற்றி நான் புல்ஸ்கேப் தாளில் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் தங்கள் தாள்களின் தலைப்பில் இருந்த மதிப்பெண்ணை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருக்க, என் தாளின் தலைப்பிலோ ஒன்றும் இல்லை. ஓரங்களில் மட்டும், நீலப் பென்சிலால், சிறுசிறு எண்கள் இருந்தன. முதல் நான்கு பக்கங்களிலும் வரிசையாக 8. அப்பால் ஒரு 2, ஒரு 7, மறுபடியும் 8. பத்தாம் பக்கத்தில் 3 இருமுறை. கடைசிப் பக்கத்தின் அடியில் 9. அதற்குக் கீழே, 'நன்னூல், பாயிரம்' என்று இரண்டே சொற்கள்.

வகுப்பு முடிந்ததும் விடுதி அறைக்குப் போய் நன்னூலை எடுத்தேன். சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய அந்த இலக்கணத்தின் பாயிரப் பகுதியில், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தென்று வரிசையாகச் சொல்லப்பட்டிருப்பதை நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே நெட்டுருப் பண்ணியவர்கள்தாம். ஆனால் அவை நம்முடைய எழுத்துக்கும் பொருந்துமென்ற எண்ணம் எனக்கு அதுவரையில் உண்டானதே இல்லை. விரலை வைத்து எண்ணினேன். எட்டாவது, மற்றொன்று விரித்தல். இரண்டாவது, மிகைபடக் கூறல். ஏழாவது, வெற்றெனத் தொடுத்தல். மூன்றாவது, கூறியது கூறல். ஒன்பதாவது, சென்று தேய்ந்து இறுதல்.

அந்த எண்களைச் சாவியாக வைத்துக்கொண்டு என் கட்டுரையை நானே ஒரு வேற்று மனிதனுடைய எழுத்தைப் போலப் படித்துப் பார்த்தேன். முதல் இரண்டு பக்கங்களில் தமிழின் தொன்மையும் முச்சங்கங்களின் வரலாறும் இருந்தன. மூன்றாம் பக்கத்தில் எட்டுத்தொகை நூல்களின் பெயர்களும், குறுந்தொகை கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகள் உடையதென்ற செய்தியும், பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் அதற்கு எழுதிய உரை கிடைக்காமற் போன துக்கமும் இருந்தன. நான்காம் பக்கம் முழுவதும் பாட்டை இயற்றிய தேவகுலத்தாரைப் பற்றியது. அவரைப் பற்றிப் பெயரைத் தவிர ஏதும் அறியமாட்டோம். ஆயினும் அந்தப் பெயரைக் கொண்டே அவர் ஒரு கோயிலைச் சார்ந்து வாழ்ந்தவராதல் வேண்டுமென்றும், ஆகவே உள்ளம் தூய்மையானவராதல் வேண்டுமென்றும் ஊகித்து எழுதியிருந்தேன். பாட்டு ஐந்தாம் பக்கத்தில்தான் வந்தது. வந்தபிறகும் அதன் பொருளை உரைநடையில் விரித்து, 'என்னே புலவரின் திறம்!' என்று வியந்து, மறுபடியும் விரித்து, மறுபடியும் வியந்திருந்தேனே அல்லாமல் வேறொன்றும் செய்திருக்கவில்லை. எழுதியவற்றில் பொய் ஒன்றும் இல்லை; தேவகுலத்தாரின் கோயில் ஒன்றைத் தவிர எல்லாம் புத்தகங்களில் கண்டவையே. ஆனால் அந்தப் பன்னிரண்டு பக்கங்களிலிருந்து மூன்றாம் பாட்டை எடுத்துவிட்டு நாற்பதாம் பாட்டை வைத்தாலும், பாதிக்கு மேல் ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியிராது. அதுதான் என்னை அன்றிரவு தூங்கவிடாமல் செய்தது.

சனிக்கிழமை காலையில் நாகேசுவரன் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் இருந்த பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். அவர் ஆதீனத்து வித்துவான் ஒருவரிடம் ஏடு பிடித்துப் பாடம் கேட்ட பரம்பரையைச் சேர்ந்தவர். ஆங்கிலமும் நன்றாகக் கற்றவர். திண்ணையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர், என் கையில் இருந்த தாள்களைக் கண்டதும் வந்த காரியத்தை அறிந்துகொண்டார்.

"எண்களைப் பார்த்தாயா, தம்பி?"

"பார்த்தேன், ஐயா. குற்றங்கள் தெரிந்தன. ஆனால் எப்படி எழுத வேண்டுமென்று தெரியவில்லை."

"ஒன்று கேட்கிறேன். இந்தப் பன்னிரண்டு பக்கங்களில், 'இது அப்படி அன்று' என்று நான் மறுக்கக்கூடிய வாக்கியம் ஒன்று காட்டு."

நான் பக்கங்களைப் புரட்டினேன். தமிழ் தொன்மையானது, யார் மறுப்பார்? குறுந்தொகை எட்டுத்தொகையுள் ஒன்று; யார் மறுப்பார்? பாட்டு இனிமையானது, யார் மறுப்பார்? ஒரு வாக்கியமும் அகப்படவில்லை.

"மறுக்க முடியாததைச் சொல்லத் தாளும் மையும் எதற்கு? நீ ஒன்று சொல்ல வேண்டும். நான் சந்தேகப்பட வேண்டும். பாட்டைச் சாட்சிக்கு அழைத்து நீ என் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். அதற்குப் பெயர்தான் ஆராய்ச்சிக் கட்டுரை."

இவ்வாறு சொல்லிவிட்டு உள்ளே சென்று அவர் எடுத்து வந்த புத்தகத்தைக் கண்டபோது எனக்கு ஆச்சரியம் உண்டாயிற்று. இலக்கிய விமரிசனத்தைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்றையே நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் கொணர்ந்ததோ மெய்கண்ட தேவரின் சிவஞான போதம். பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட அந்தச் சித்தாந்த நூலில், ஒவ்வொரு சூத்திரத்தின் பொருளும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற மூன்று படிகளால் நிறுவப்படும் முறையை அவர் எனக்குக் காட்டினார். மேற்கோள் என்ற சொல்லை இக்காலத்தில் நாம் பிறர் வாக்கை எடுத்தாளுவதற்கு வழங்குகிறோம். தருக்க நூலாரோ, வாதி தான் நிறுவ மேற்கொள்ளும் பிரதிக்ஞைக்கு அந்தப் பெயரை இட்டார்கள். 'இம்மலை நெருப்புடையது' என்பது மேற்கோள். 'புகை காணப்படுதலால்' என்பது ஏது. 'அடுக்களையைப் போல' என்பது எடுத்துக்காட்டு. மணிமேகலை தருமம் கேட்ட காதையிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாகுபாட்டில் பிழை இல்லை. ஆனால் அது மூன்று அறைகள் கட்டிக் கொடுத்ததே தவிர, உள்ளே யார் குடியிருக்க வேண்டுமென்று சொல்லவில்லை. மேற்கோள் என்ற ஒன்று வந்து குடியேறினாலன்றி அந்த அறைகளில் முச்சங்கமும் எட்டுத்தொகையும் புகுந்துகொள்வதைத் தடுக்க வேறு வழி கிடையாது.

"மேற்கோளை எங்கிருந்து பெறுவது, ஐயா?" என்று கேட்டேன்.

"பாட்டிலிருந்து. ஒரு வாரம் எந்த உரையையும் பார்க்காதே. காலையிலும் மாலையிலும் வாய்விட்டுப் படி. கண்ணுக்குப் பட்டதை மட்டும் எழுது. மனத்துக்குப் பட்டதை எழுதாதே."

அந்த வாரத்தை நான் மறக்கவில்லை. கல்லூரிக்குப் பின்னால் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து அந்த நான்கு அடிகளை நூறு முறைக்குக் குறையாமல் படித்திருப்பேன். தலைவி தோழியிடம் சொல்லுகிறாள்: தலைவனோடு தனக்குள்ள நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, கடல்நீரைவிட ஆழ்ந்த அளவினது, அவன் எத்தகையவன் என்றால், மலைச்சாரலில் கரிய கொம்புகளையுடைய குறிஞ்சியின் பூக்களைக் கொண்டு பெருந்தேன் இழைக்கப்படும் நாட்டை உடையவன். இவ்வளவுதான் பாட்டு. முதல் நாள் எனக்கு இதற்குமேல் ஒன்றும் தென்படவில்லை. மூன்றாம் நாள், 'நட்பு' என்ற சொல் பாட்டின் கடைசிச் சொல்லாக நிற்பது கண்ணில் பட்டது. எது பெரிது, எது உயர்ந்தது, எது ஆழ்ந்தது என்று சொல்லாமலே பெரிது, உயர்ந்தது, ஆழ்ந்தது என்று சொல்லிக்கொண்டு போய், எழுவாயை முடிவில் வைத்திருக்கிறார் புலவர். நான்காம் நாள், ஏறக்குறையப் பாதிப் பாட்டு நட்பைப் பற்றிப் பேசாமல் பூவையும் தேனையும் பற்றிப் பேசுவது தெரிந்தது. ஐந்தாம் நாள், நிலம், வானம், நீர் என்ற மூன்று பேரளவுகளுக்குப் பின் பாட்டு திடீரென்று ஒரு பூவின் சிறுமைக்கு இறங்குவது தெரிந்தது. இவை எல்லாம் முன்பும் அங்கேதான் இருந்தன; நான் பன்னிரண்டு பக்கம் எழுதினபோதும் இருந்தன.

அந்தக் கல்லூரியில் இதே தமிழ்ப் பேராசிரியர் ஸ்தானத்தில் 1880ஆம் வருஷம் வந்து அமர்ந்தவர் மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள். அவர் வேலை ஏற்ற அந்த வருஷத்திலேயே, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவர் கற்றிருந்த அந்தாதிகளையும் கலம்பகங்களையும் புராணங்களையும் பற்றிக் கேட்டு, அவற்றுக்கு மூலமான சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினாவியதும், அந்த வினாவிலிருந்து 1887இல் சிந்தாமணிப் பதிப்பும் பின்னர் ஒரு சங்க இலக்கிய உலகமும் பிறந்ததும் யாவரும் அறிந்த சரித்திரம். எனக்கு நேர்ந்ததை அந்தப் பெரிய விஷயத்தோடு ஒப்பிட நான் துணியமாட்டேன். ஆனால் கற்றவை எல்லாவற்றையும் ஒரு புறத்தில் ஒதுக்கி வைக்கச் செய்யும் கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டால், கேட்கப்பட்டவனுடைய வாழ்க்கை அதற்கப்பால் வேறாகிவிடுகிறது என்பதை அந்த ஆற்றங்கரையில் நானும் அறிந்தேன்.

வாரம் முடிந்ததும் பேராசிரியரே, சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பை எடுத்து வைத்து, அதில் 'முடிபு' என்ற பகுதியைப் பார்க்கச் சொன்னார். பதவுரைக்குப் பின், சொற்கள் எவ்வாறு இயைந்து வாக்கியமாக முடிகின்றன என்பதை அந்தப் பகுதியில் ஐயரவர்கள் எடுத்துக் காட்டியிருப்பார்கள். "பொருளுக்காக உரைகாரர் சொற்களை வரிசைப்படுத்துகிறார். புலவர் வேறு வரிசையில் வைத்திருக்கிறார். இந்த இரண்டு வரிசைக்கும் இடையில் உள்ள தூரம் இருக்கிறதே, உன் கட்டுரைக்கு விளைநிலம் அதுதான்" என்றார். பாட்டு என்ன சொல்லுகிறதென்று கூறுவது உரையாசிரியர் வேலை. அது எப்படிச் சொல்லுகிறது, அப்படிச் சொல்லியதால் என்ன நேர்ந்தது என்று காட்டுவது ஆராய்ச்சியாளன் வேலை. இந்த வேற்றுமையை இவ்வளவு தெளிவாக எனக்கு அதற்கு முன்னும் பின்னும் ஒருவரும் உணர்த்தியதில்லை.

மேற்கோள் எழுதும் பிரயத்தனம் தொடங்கிற்று. 'இப்பாட்டில் உவமை நயம் சிறந்து விளங்குகிறது' என்று எழுதினேன். அதை எந்தப் பாட்டுக்கும் சொல்லலாம் என்று தள்ளிவிட்டார். 'தலைவியின் அன்பு அளவற்றது' என்று எழுதினேன்; அது பாட்டே சொல்லிவிட்ட செய்தி, நீ சொல்லுவதற்கு என்ன இருக்கிறது என்றார். 'இயற்கை வருணனையும் காதலும் இணைந்திருக்கின்றன' என்று எழுதினேன். எதற்காக இணைந்திருக்கின்றன என்று கேட்டார். கடைசியில், புரட்டாசி பிறந்த பிறகு ஒரு நாள், இப்படி எழுதிக் கொண்டுபோனேன்: 'இந்தப் பாட்டு அன்பின் பெருமையை அளவைக் கொண்டு நிறுவவில்லை, நிலம், வானம், நீர் என்ற அளவுகளைச் சொல்லி, அவை போதாமையை உணர்த்தி, சிறிது சிறிதாகச் சேர்ந்து பெரிதாகும் தேனைக் கொண்டு நிறுவுகிறது.' அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"இதை நான் மறுக்கலாம்" என்றார். பிறகு, "ஆகவே நீ எழுதலாம்" என்றார்.

எழுதத் தொடங்குமுன் மற்றொரு வேலை வைத்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறத்தில், நான் கண்ட ஏதுக்களை ஒரு தாளுக்கு ஒன்றாக எழுதித் திண்ணையில் பரப்பச் சொன்னார். ஏழு தாள்கள் ஆயின. நான் அவற்றைப் பாட்டின் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரையில் எந்த வரிசையில் கண்டேனோ அந்த வரிசையில் அடுக்கினேன். அவர் அதைக் கலைத்துவிட்டார். "பாட்டின் வரிசை புலவருடைய காரியத்துக்காக ஏற்பட்டது, உன் காரியம் வேறு. கேட்பவன் எளிதில் ஒப்புக்கொள்வதை முதலில் வை, அவன் ஒப்புக்கொண்டதன்மேல் அடுத்ததை வை" என்றார். அவ்வாறு அடுக்கினபோது, மூன்று அளவுகளும் 'அதைவிட' என்று தாண்டப்படுவதற்காகவே சொல்லப்பட்டிருக்கின்றன என்பது முதல் தாளாயிற்று. எழுவாய் பின்னே நிற்பது இரண்டாவதாயிற்று. ஒரு தாளுக்கு ஒரு ஏது என்ற அந்த ஏற்பாடே பின்பு ஒரு பத்திக்கு ஒரு ஏது என்று கட்டுரையில் அமைந்தது. எந்தப் பத்தியை எடுத்தாலும், 'இது என் மேற்கோளுக்கு எதனால் ஏது ஆகிறது?' என்ற கேள்விக்கு அந்தப் பத்திக்குள்ளேயே விடை இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெற்றெனத் தொடுத்தது, ஓரத்தில் 7 போட வேண்டியது.

ஏழு தாள்களுள் ஒன்றை அவர் எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அது எனக்கு மிகவும் பிரியமான தாள். நீலக் குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறையே பூக்குமென்றும், ஆகவே அதன் தேன் மிகவும் அரியதென்றும், தலைவியின் அன்பும் அத்தகையதென்றும் அதில் எழுதியிருந்தேன். கட்டுரைக்கே அது சிகரமாகுமென்பது என் அபிப்பிராயம்.

"பன்னிரண்டு வருஷம் என்று பாட்டில் எங்கே இருக்கிறது?"

"பாட்டில் இல்லை, ஐயா. ஆனால் உண்மை."

"உண்மைதான். நீலகிரியில் போய்ப் பார்க்கலாம். ஆனால் நீ நீலகிரியை ஆராயவில்லை. நான்கு அடிகளை ஆராய்கிறாய். பூவைச் சொன்ன புலவர் பன்னிரண்டைச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வரும் சாட்சி உள்ளே இருக்கும் சாட்சிக்குத் துணையாக நிற்கலாமே தவிர, அதன் இடத்தில் உட்காரக் கூடாது."

எனக்கு அன்று மிகுந்த வருத்தம். இன்றைக்கும் அவர் சற்றுக் கடுமையாக இருந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். ஓர் அடக்கமான வாக்கியத்தில், துணைச் சாட்சியாகவே அதைச் சொல்லியிருக்கலாம். ஆயினும் அந்தத் தாள் என் கையில் இருந்திருந்தால் நான் மற்ற ஆறையும் சோம்பலாக எழுதியிருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரியமான செய்தி ஒன்று கையில் இருக்கும்போது, பாட்டைப் பார்ப்பதை நாம் நிறுத்திவிடுகிறோம்.

அவர் சொன்னபடியே மறுத்தார். "நீ சொல்லும் பூவும் தேனும் குறிஞ்சித் திணைக்குரிய கருப்பொருள்கள். நாடனுக்கு அடைமொழியாக வந்தவை. எந்தக் குறிஞ்சிப் பாட்டிலும் ஒரு மலையும் ஒரு பூவும் வரத்தான் வரும். மரபுக்காக வந்ததைக் கருத்துக்காக வந்ததென்று எப்படிச் சொல்லுவாய்?" இது பூர்வபட்சம். இதற்கு விடை சொல்லாமல் கட்டுரையை முடித்தால், படிப்பவன் தன் மனத்தில் அதைக் கேட்டுக்கொண்டே எழுந்து போய்விடுவான். பழைய சாஸ்திரகாரர்கள் எதிராளியின் கட்சியை அவனைக் காட்டிலும் நன்றாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகே சித்தாந்தத்துக்கு வருவார்கள். அவர்கள் எதிராளிக்குச் செய்த அந்த மரியாதை இன்றைய கட்டுரைகளில் அருகி வருவது எனக்குக் குறையாகவே படுகிறது.

விடைக்கு எனக்கு நான்கு நாள் பிடித்தது. கருப்பொருளை நிலைக்களமாகக் கொண்டு உள்ளுறை உவமம் பிறக்குமென்று தொல்காப்பியர் கூறியிருப்பதை முதலில் எழுதினேன். அது நல்ல விடையே. ஆனால் பிறக்கலாம் என்றுதான் அதனால் பெறப்படுமேயன்றி, இந்தப் பாட்டில் பிறந்திருக்கிறது என்று பெறப்படாது. பிறகு 'இழைத்தல்' என்ற வினையைப் பற்றினேன். தேன் சொரிகிற நாடு, தேன் மலிந்த நாடு என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லாமல், தச்சனும் பொற்கொல்லனும் செய்யும் நுண்ணிய வேலைக்கு வழங்கும் சொல்லைத் தேனுக்கு வைத்திருக்கிறார் புலவர். நிலமும் வானமும் நீரும் யாரும் இழைக்காமல் இருப்பவை, தேன் இழைக்கப்படுவது. நான்காம் நாள் இரவு, விடுதியில் விளக்கு அணைக்கும் நேரத்தில், அதுவரையில் நூறு முறை வாயால் சொல்லியும் காதில் விழாத ஒன்று விழுந்தது. முதல் அடியில் நிலத்தை வைத்துச் சொல்லும்போது நட்பைப் பெரிது என்கிறாள். கடைசி அடியில் தேனுக்கு அடைமொழி தரும்போது பெருந்தேன் என்கிறாள். நிலத்தைச் சொன்ன இடத்தில் வந்த அந்தப் பெருமைச் சொல், மறுபடியும் அந்தப் பாட்டில் வரும் ஒரே இடம் தேன். நிலத்தினிடமிருந்து வாங்கித் தேனிடம் கொடுத்திருக்கிறார் தேவகுலத்தார். மரபு பூவைக் கொடுக்கும், தேனைக் கொடுக்கும். அந்தச் சொல்லை இரண்டாம் முறை அங்கே வைத்தது மரபு அன்று.

மறுநாள் விடிந்ததும் ஓடிப்போய் இதைச் சொன்னேன். பேராசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. பாட்டை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "முப்பது வருஷமாக இதைப் பாடம் சொல்லுகிறேன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு வாழ்க்கையில் பின்னர் கிடைத்த பட்டங்களைவிட அந்த வாக்கியம் பெரிது.

பாட்டைக் கூறுபோட்டு ஆராய்ந்தால் அதன் உயிர் போய்விடும் என்று சொல்லுகிறவர்கள் அக்காலத்திலும் உண்டு, இக்காலத்திலும் உண்டு. 1954 பிப்ரவரியில் காலமான ரசிகமணி டி. கே. சி. அவர்கள் பாட்டைச் சொல்லிக் காட்டுவதே அதன் விமரிசனமாக இருந்ததென்று அவரைக் கேட்டவர்கள் சொல்லுவார்கள். அந்த அனுபவத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அத்தகைய ரசிகர் பக்கத்தில் இல்லாத மாணாக்கனுக்கு, தன் காதைத் தானே பழக்கிக்கொள்ளும் வழி வேறு என்ன இருக்கிறது? நான் அந்தச் சொல்லைக் கேட்டது ஆராய்ச்சி என்னை நூறு முறை படிக்க வைத்ததால்தான். பல வருஷங்களுக்குப் பின், ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் பதின்மூன்று பாட்டுகளை ஆக்கியோன் பெயரை மறைத்து மாணாக்கர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதியவற்றை ஆராய்ந்து 1929இல் வெளியிட்ட நூலைப் படித்தபோது, பெயரைப் பிடித்துக்கொண்டு பாட்டை விட்டுவிடும் வழக்கம் எங்கும் உள்ளதென்று தெரிந்துகொண்டேன். தேவகுலத்தாருக்குக் கோயில் கட்டிய என் நான்காம் பக்கம் நினைவுக்கு வந்தது.

இன்னும் ஒரு தாள் மிச்சம் இருந்தது. பாட்டின் அடியில் காணப்படும் துறைக்குறிப்பைப் பற்றியது அது. தலைவன் வேலிப்புறத்தில் நின்று கேட்க, அவன் மணத்துக்கு முற்பட வேண்டுமென்ற நோக்கத்தோடு தோழி அவனைப் பழித்துப் பேச, தலைவி அவனைப் புகழ்ந்து சொல்லியதென்பது அந்தக் குறிப்பு. அவன் காலம் தாழ்த்துகிறான் என்பது தோழியின் குறை. தேன் நாளடைவில்தான் சேரும் என்பது தலைவியின் விடை. என் மேற்கோளுக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்காது. ஆயினும் துறைக்குறிப்பு புலவரே எழுதியதென்று கொள்ள இடமில்லை. பாட்டுகளைத் தொகுத்தோர் அல்லது பின்னோர் எழுதியதென்பதே ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. "அதைத் தூணாக நிறுத்தாதே. தூண்கள் நின்றபின் மேலே வை. 'குறிப்பை ஏற்றுக்கொள்வோமாயின்' என்ற சொற்களை விடாதே" என்றார். நம் சாட்சியின் பலவீனத்தை நாமே முதலில் சொல்லிவிட்டால், மற்றச் சாட்சிகளைப் படிப்பவன் நம்புவான்.

எல்லாம் எழுதி முடித்த பிறகே முன்னுரையை எழுதச் சொன்னார். இதற்கும் நன்னூல் பாயிரமே ஆதாரம். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நுதலிய பொருள் முதலியவற்றைச் சொல்லும் சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியன் எழுதுவதில்லை. அவனுடைய ஆசிரியனோ, உடன் பயின்றவனோ, மாணாக்கனோ, உரையாசிரியனோ எழுதுவான். அதாவது நூல் முடிந்து கையில் இருந்தாலன்றிப் பாயிரம் பிறக்காது. கட்டுரை எங்கே போய்ச் சேர்ந்ததென்று தெரியாதபோது எழுதிய முன்னுரை முச்சங்கத்தைத்தான் தேடிப் போகும். தெரிந்தபின் எழுதியபோது எனக்கு ஆறு வரிகளே தேவைப்பட்டன: பாட்டு இன்னது, அதில் நெருடும் இடம் இன்னது, நான் நிறுவப் போவது இன்னது. பாட்டின் சொற்களை எடுத்தாளும் முறையும் அப்போதுதான் படிந்தது. நான்கு அடிகளையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டு 'இதனால் அறியலாம்' என்று போய்விடுவதை விட்டு, வேண்டிய சொல்லை மட்டும் வாக்கியத்துக்குள் எடுத்து, எடுத்த சொல்லைச் சோதிக்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

தீபாவளி விடுமுறைக்கு முன் புதிய கட்டுரையைக் கொடுத்தேன். நான்கு பக்கமே இருந்தது. விடுமுறை முடிந்து அது திரும்பி வந்தபோது, தலைப்பில் ஒரு மதிப்பெண் இருந்தது; அதை இங்கே சொல்லுவது அவசியமில்லை. ஓரங்களில் நீலப் பென்சிலைத் தேடினேன். மூன்று பக்கங்கள் சுத்தமாக இருந்தன. நான்காம் பக்கத்தில், தலைவன் வேலிப்புறத்தில் நின்று கேட்பதைச் சொல்லி முடித்தபின், 'இதுகாறும் கூறியவற்றால்' என்று தொடங்கி நான் எழுதியிருந்த கடைசிப் பத்தியின் ஓரத்தில் மட்டும் 3 என்ற எண் இருந்தது. அந்தக் கட்டுரை இன்றும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பத்தியை அன்று மாலையே அடித்துவிட்டேன். இப்போது அது வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் தலைவனோடு முடிகிறது.